அடுத்த ரூபாய் எதற்கு: ஸ்டெல்த் போர் விமானமா, ஆளில்லா விமானமா, லேசரா?

கோவை கணபதியில் எங்கள் பட்டறைக்கு ஷீட் மெட்டல் வெட்டித் தருகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே 3 கிலோவாட் ஃபைபர் லேசர் கட்டிங் மெஷின் ஓடுகிறது. 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் பேனாவால் கோடு இழுப்பது போல வெட்டிக்கொண்டு போகும். 2025 ஏப்ரலில், கர்னூல் சோதனைத் திடலில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசரால் ட்ரோனை எரித்து வீழ்த்திய வீடியோ வந்தது. அந்த வாரம் தகடு வெட்டி முடியக் காத்திருந்த நேரத்தில் அதை ஆபரேட்டரிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்ணா, இதுக்குச் சில்லர் எங்கீங்க வெச்சிருக்காங்க?"

லேசரோடு பழகியவர் கேட்கிற கேள்வி அது. அவருடைய மெஷின் பக்கத்தில் பீரோ அளவுக்கு ஒரு சில்லர் நிற்கிறது. நாள் முழுக்கத் தண்ணீரைக் குளிரவைத்து லேசருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. மே மாத வெயிலில் சில்லர் மக்கர் செய்தால் அன்றைக்கு வெட்டு வேலை கிடையாது. லேசர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடும். ஏனென்றால் ஃபைபர் லேசர் வாங்குகிற மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாக வெளியே வருகிறது. மீதி அத்தனையும் சூடு.

இந்தச் சூடுதான் நாளைய போர் விமானங்கள், லேசர் ஆயுதங்கள் பற்றிய பேச்சில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். ரேடாருக்குத் தெரியாமல் பறப்பது (அதுதான் ஸ்டெல்த்), வேகம், கதிர் எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று பதில் வைத்திருக்கிற திட்டம்தான் படையில் சேர்கிறது. பதில் இல்லாதது அருங்காட்சியகத்துக்கோ பழைய இரும்புக்கோ போகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்த பிறகு, இந்திய விமானப்படையின் கைவசம் 29 போர் ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்)தான். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. மறுபக்கம், 2024 டிசம்பர் 26 அன்று சீனாவின் செங்டு நகர் மேல் வால் இல்லாத, மூன்று இன்ஜின் கொண்ட புது விமானம் பட்டப்பகலில் பறந்தது. அதை ஜே-36 என்கிறார்கள். 2025 மார்ச் 21 அன்று அமெரிக்கா எஃப்-47 திட்டத்தை போயிங்கிடம் ஒப்படைத்தது. உடனே நம் ஊரிலும் ஆளுக்கொரு யோசனை: அமெரிக்காவின் எஃப்-35 வாங்கு, ரஷ்யாவின் சு-57 வாங்கு, இன்றைய ஸ்டெல்த் விமானங்களுக்கு அடுத்த ஆறாம் தலைமுறைக்குத் தாவு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு லேசரில் இறங்கு. பணம் ஒன்று, கேட்பவர்கள் பலர். எதற்கு முதலில், எதற்கு அப்புறம், எதற்கு இப்போதைக்கு வேண்டாம் என்று பார்ப்போம்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். விமானத்தில் ஏற்றும் லேசருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். தரையிலும் கப்பலிலும் வைக்கும் லேசருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இன்ஜின்.

விமானத்தில் லேசர்

இந்த ஆசை பழையது. 1983-லேயே அமெரிக்கர்கள் ஒரு கேசி-135 விமானத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஏற்றி, பறந்து வரும் சைட்வைண்டர் ஏவுகணைகளை வீழ்த்திக் காட்டினார்கள். அப்புறம் 1996-ல் பெரிதாகத் தொடங்கினார்கள். போயிங் 747 சரக்கு விமானம் ஒன்றின் உடல் முழுவதும் ரசாயன லேசர், மூக்கில் சுழலும் கண்ணாடிக் கோபுரம். ஒய்ஏஎல்-1 என்று பெயர். மெகாவாட் வகை ஆயுதம். 2010 பிப்ரவரி 11 அன்று கலிஃபோர்னியா கடலோரத்தில், மேலெழும்பிக்கொண்டிருந்த ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை அது எரித்தே விட்டது. வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியும் 2011 கடைசியில் திட்டத்தை மூடினார்கள். ஐந்து பில்லியன் டாலருக்கு மேல் செலவு. 2012-ல் அரிசோனா பாலைவனத்தில் பழைய விமானங்களை நிறுத்திவைக்கும் இடத்துக்கு அது கடைசியாகப் பறந்தது, 2014-ல் உடைத்துவிட்டார்கள். காரணத்தை அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2009-லேயே நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லியிருந்தார். பாதுகாப்பான தூரத்திலிருந்து சுட வேண்டுமென்றால் அதைப்போல 20, 30 மடங்கு சக்தியுள்ள லேசர் தேவை. இல்லாவிட்டால் எதிரியின் எல்லைக்குள்ளேயே அந்தப் பெரிய விமானம் வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். உண்மையான படையாக ஆக்க 10 முதல் 20 விமானங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை பில்லியன் டாலர்.

அது ரசாயன லேசர், இப்போது ஃபைபர் லேசர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைத்தான் அமெரிக்க விமானப்படையும் நம்பியது. போர் விமானத்தின் அடியில் தொங்கவிடும் லேசர் பெட்டிக்கு ஷீல்ட் என்று ஒரு திட்டம், ஏசி-130 விமானத்தில் 60 கிலோவாட் லேசர் வைக்க இன்னொரு திட்டம். இரண்டையும் 2024-ல் கைவிட்டார்கள். இரண்டுமே விமானத்திலிருந்து ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கும் நிலைக்கு வரவில்லை.

ஏன் என்பதற்குக் கணபதி பட்டறையிலேயே விடை இருக்கிறது. அங்கே நாசிலுக்கும் தகட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். ஒளி முழுவதும் 0.1 மில்லிமீட்டர் அகலப் புள்ளியில் குவிகிறது. 3 கிலோவாட்டைப் புள்ளியின் பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3.8 லட்சம் வாட். இப்போது 30 கிலோவாட் லேசரை 20 சென்டிமீட்டர் கண்ணாடி வழியாக 5 கிலோமீட்டர் தூரத்தில் குவிப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று எந்தத் தொந்தரவும் செய்யாவிட்டாலும், ஒளியின் இயல்பால் புள்ளி 6 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். சதுர மில்லிமீட்டருக்கு 10 வாட்தான் தேறும். பத்து மடங்கு பெரிய லேசர், ஆனால் இலக்கில் விழுகிற செறிவு முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால்தான் ட்ரோனின் ஒரே இடத்தில் சில நொடிகள் கதிரை அசையாமல் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. தரையில் கான்கிரீட் மேடையில் நின்று அதைச் செய்வதே பெரிய வித்தை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்ந்துகொண்டே போகும் விமானத்தில், உடலை உரசி ஓடும் காற்றே கதிரைக் கலைத்துப்போடும் இடத்தில், அது வேறு உலகம்.

சூட்டுக்கு வருவோம். 30 கிலோவாட் ஒளி வேண்டுமென்றால் 60 கிலோவாட் சூட்டைக் கொட்ட வேண்டும். வீட்டில் உள்ள ஒன்றரை டன் ஏசி சுமார் 5 கிலோவாட் சூட்டைத்தான் வெளியேற்றும். ஆக, 12 ஏசி. எதிரி ஏவுகணையை வானிலேயே எரிக்க 300 கிலோவாட் வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் 120 ஏசி. சுடுகிற நேரம் சில நொடிதானே, சூட்டை ஏதாவது ஒரு தொட்டியில் சேமித்துவைத்து மெல்ல வெளியேற்றலாமே என்பார்கள். செய்யலாம். அந்தத் தொட்டிக்கும் எடை உண்டு, நான்கைந்து முறை சுட்டதும் அது நிரம்பிவிடும், அப்புறம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

சூட்டை வாங்க இடமிருக்கிறதா? ஸ்டெல்த் விமானத்தில் சுத்தமாக இல்லை. எஃப்-35 தன் மின்னணுக் கருவிகளின் சூட்டை வயிற்றில் சுமக்கும் எரிபொருளில்தான் கரைக்கிறது. எரிபொருள் ஏற்கெனவே சூடாக இருந்தால் சூட்டை வாங்க முடியாது. அதனால் 2014-ல் அரிசோனாவின் லூக் விமானத் தளத்தில் பச்சை நிற எரிபொருள் லாரிகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள், வெயிலில் எண்ணெய் காயாமல் இருக்க. உலகின் மிக விலையுயர்ந்த போர் விமானத் திட்டம், மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்கிற அதே வழியைத்தான் நாடியது. அதில் தவறே இல்லை, சூடு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. அந்த விமானத்தின் குளிரூட்டும் அமைப்பு தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையை இழுப்பதால் இன்ஜின் சீக்கிரம் தேய்கிறது என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே அறிக்கை கொடுத்திருக்கிறது. லேசர் இல்லாமலே இந்த நிலை. ஸ்டெல்த் என்பதால் பெரிய காற்றுத் துளைகளும் திறக்க முடியாது. திறந்தால் ரேடாரில் தெரியும். சூடான காற்றை வெளியே விட்டால் அகச்சிவப்புக் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் நாம் உருவாக்கிவரும் ஸ்டெல்த் போர் விமானமான ஆம்காவில் லேசர், ஆறாம் தலைமுறையில் லேசர் என்று வருகிற படங்களைப் பார்க்கும்போது அந்த ஆபரேட்டரின் கேள்வியைத்தான் கேட்கிறேன். இன்றைக்குப் பதில் இல்லை.

தரையில் லேசர்: எதிராளி பழைய பீரங்கி

தரையில் கதை முற்றிலும் வேறு. லாரியில் ஜெனரேட்டர் வைக்கலாம், சில்லர் வைக்கலாம், எடை ஒரு பிரச்சினை இல்லை. ஹைதராபாத்தில் உள்ள டிஆர்டிஓவின் உயர் ஆற்றல் ஆய்வகம் உருவாக்கிய 30 கிலோவாட் ஆயுதம், 2025 ஏப்ரல் 13 சோதனையில் இறக்கை வைத்த ட்ரோனையும் கூட்டமாக வந்த ட்ரோன்களையும் வீழ்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடலோரத்தில், இரண்டு வகை ஏவுகணைகளும் ஒரு லேசரும் ஒரே கட்டளை மையத்தின் கீழ் மூன்று இலக்குகளை ஒரே நேரத்தில் தாக்கிய சோதனை நடந்தது. லேசருக்குக் கொடுத்தது பல விசிறி வைத்த ட்ரோனை. அந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேகமான இலக்கு ஏவுகணைக்கு, மெதுவான சின்ன இலக்கு லேசருக்கு. யாரோ நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

லேசருக்குச் சாதகமாகச் சொல்லப்படுவது விலை. சில நொடி சுடுவதற்கு ஆகும் செலவு ஓரிரு லிட்டர் பெட்ரோல் விலைதான் என்று டிஆர்டிஓ சொன்னது. பிரிட்டன் தன் டிராகன்ஃபயர் லேசருக்கு ஒரு சுடுதலுக்கு 10 பவுண்டு என்கிறது. இஸ்ரேலின் அயர்ன் டோம் ஏவுகணை ஒன்று சுமார் 50,000 டாலர் என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் இந்தக் கணக்கில் மெஷின் விலை சேரவில்லை. 2014-ல் யுஎஸ்எஸ் பான்ஸ் கப்பலில் அமெரிக்கக் கடற்படை வைத்த 30 கிலோவாட் லேசருக்கு ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் ஆனது. கட்டிங் மெஷின் வாங்கியவர்களுக்குத் தெரியும், கரண்ட் பில் கொஞ்சம்தான், வட்டிதான் பெரிசு.

உண்மையான ஒப்பீடு ஏவுகணையோடு இல்லை, பீரங்கியோடுதான். 2025 மே 8 இரவை நினைத்துப் பாருங்கள். இந்திய அரசின் கணக்குப்படி 36 இடங்களில் பாகிஸ்தானிலிருந்து 300 முதல் 400 ட்ரோன்கள் வந்தன. அவற்றை வீழ்த்தியதில் பெரும் பங்கு எல்-70 பீரங்கிகளுடையது. சுவீடனின் போஃபர்ஸ் வடிவமைப்பு, 40 மில்லிமீட்டர் குண்டு, 1960களில் நம் படைக்கு வந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதில் புது கேமராவும் கணினியும் பொருத்தியிருந்தது. கூடவே சோவியத் கால 23 மில்லிமீட்டர் சூ-23, ஷில்கா. தாத்தா காலத்துச் சக்கரம் வைத்த பீரங்கிக்குப் பேரன் காலத்துக் கண் கிடைத்ததும் அது அந்த இரவில் நின்று விளையாடியது.

லேசரை அதே இரவில் வைத்துப் பார்ப்போம். ட்ரோன் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது. லேசர் எட்டும் தூரம் 5 கிலோமீட்டர் என்றால் கையில் 100 நொடி. ஒன்றை எரிக்க 4 நொடி, அடுத்ததற்குத் திரும்ப 2 நொடி என்று வைத்தால் 16 ட்ரோன். ரொம்ப நல்ல கணக்கு. ஆனால் காற்றில் தூசி இருந்து எட்டும் தூரம் 2 கிலோமீட்டராகச் சுருங்கினால் 6 ட்ரோன்தான். டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப் மூடுபனி இறங்கினால் ஒன்றுகூட இல்லை. பனி, மழை, புழுதி எல்லாம் ஒளியைத் தின்றுவிடும், பீரங்கிக் குண்டுக்கு அது பொருட்டே இல்லை. நம் மேற்கு எல்லையில் ஒரு பக்கம் ராஜஸ்தான் புழுதி, இன்னொரு பக்கம் பஞ்சாப் பனி. 2024-ல் அமெரிக்க ராணுவம் 50 கிலோவாட் லேசர் வைத்த ஸ்ட்ரைக்கர் வண்டிகளை மேற்கு ஆசியாவுக்கு அனுப்பிப் பார்த்தபோது, களத்து வெப்பமும் தூசியும் பரிசோதனைச் சாலை முடிவுகளைக் கெடுத்தன.

அப்புறம் கர்னூலிலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று எல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். 5 கிலோமீட்டர் எட்டும் ஆயுதத்தால் எல்லை முழுவதையும் மூட முடியாது. விமானத் தளம், எஸ்-400 (ரஷ்ய வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு) நிற்கும் இடம், ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலை போல எதிரி கட்டாயம் தேடி வருகிற இடங்களுக்குத்தான் அது பொருந்தும். அங்கேயும் பீரங்கியை எடுத்துவிட்டு லேசர் வைக்கக் கூடாது. பீரங்கிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் லேசர் குண்டை மிச்சப்படுத்தும், பனி இரவில் பீரங்கி பார்த்துக்கொள்ளும்.

இப்படி அளவோடு பார்த்தால் தரை லேசர் இன்றைக்கே சாத்தியம். இஸ்ரேல் 2024 அக்டோபரில் ஹெஸ்பொல்லா ட்ரோன்களைக் குறைந்த சக்தி லேசரால் நிஜப் போரிலேயே வீழ்த்தியது. 100 கிலோவாட் அயர்ன் பீம் 2025 முடிவில் அவர்கள் படையிடம் வந்துவிட்டது. கப்பல் இன்னும் பொருத்தமான இடம்: மின்சாரத்துக்குப் பெரிய ஜெனரேட்டர், சூட்டைக் கொட்டச் சுற்றிலும் கடல். அமெரிக்காவின் யுஎஸ்எஸ் பிரெபிள் கப்பலில் 60 கிலோவாட் ஹீலியாஸ் லேசர் இருக்கிறது. பிரிட்டன் 2027-ல் தன் போர்க்கப்பலில் டிராகன்ஃபயரை வைக்கிறது. நம் கடற்படைக்கும் இதையே முதலில் செய்யச் சொல்வேன். கடலோரத்து ஈரமும் உப்பும் தொல்லைதான், ஆனால் சில்லர் கேள்விக்கு அங்கே முழுப் பதில் இருக்கிறது.

ஸ்டெல்த் விமானம்: வாங்குவதா, கட்டுவதா

2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் எஃப்-35பி ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. எரிபொருள் குறைவு, மோசமான வானிலை. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் கோளாறு. மழைக்காலத்தில் ஓடுதளத்தின் ஓரமாகத் திறந்தவெளியில், நம் பாதுகாப்புப் படை காவலுக்கு நிற்க, அது நனைந்துகொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஹேங்கர் தருகிறோம் என்று நாம் சொன்னோம், முதலில் வேண்டாம் என்றார்கள். பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் ஆட்கள் வந்து, ஹேங்கருக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து, ஜூலை 22 அன்றுதான் அது கிளம்பியது.

அவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. ரகசியப் பூச்சும் ரகசிய மென்பொருளும் உள்ள விமானத்தை அப்படித்தான் காப்பார்கள். ஆனால் நாம் வாங்கினாலும் நிலைமை அதுதான். அம்பாலாவில் நிற்கும் விமானத்தைத் திறக்க வெளிநாட்டு அனுமதி வேண்டும். நம் சொந்த ஏவுகணையை அதில் பொருத்த அமெரிக்கா மனசு வைக்க வேண்டும். எஸ்-400 வைத்திருக்கும் நமக்கு எஃப்-35 தருவார்களா என்பது தனிக் கேள்வி, துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்து அதற்காகவே வெளியேற்றினார்கள். பராமரிப்பும் லேசானது இல்லை: 2023 மார்ச்சில் அமெரிக்காவிடமே இருந்த எஃப்-35களில் சராசரியாக 55 சதவீதம்தான் பணிக்குத் தயாராக இருந்தன.

சு-57 பக்கம் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. அதை அடிப்படையாகக் கொண்ட கூட்டுத் திட்டத்துக்கு 2010 வாக்கில் 295 மில்லியன் டாலர் கொடுத்தோம், திருப்தி இல்லாமல் 2018-ல் வெளியே வந்தோம். ரஷ்யா இப்போது தொழில்நுட்பத்தையும் தருகிறேன் என்கிறது. ஸ்குவாட்ரன் பற்றாக்குறை கழுத்தை நெரித்தால் இரண்டு ஸ்குவாட்ரன் வாங்கலாம் என்று விமானப்படைக்காரர்கள் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். பறக்கிறவர்கள் அவர்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை ரஃபேலும் தேஜஸும் நிரப்பினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஆம்காவுக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஐந்து மாதிரி விமானங்கள், 25 டன், இரட்டை இன்ஜின், ஆயுதங்கள் வயிற்றுக்குள். 2035 வாக்கில் படையில் சேர வேண்டும். வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, தேஜஸ் செய்த ஆட்கள்தான். கால அட்டவணையில் அந்த அளவுக்கு நம்பிக்கை வைக்க முடியவில்லை. 2025 மேயில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், தனக்குத் தெரிந்து ஒரு திட்டம்கூடச் சொன்ன நேரத்தில் முடிந்ததில்லை என்று மேடையிலேயே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தின் பெரும் பகுதி இன்ஜினில் போய் முடிகிறது.

திருச்சி ரோட்டில் சூலூர் வழியாகப் போய்வருகிற எங்களுக்கு 2018 முதல் தேஜஸ் சத்தம் பழகிப்போனது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். எனக்கும் நெஞ்சு நிமிரும். அப்போதெல்லாம் இன்னொன்றும் உறுத்தும்: விமானம் நம்முடையது, அந்த உறுமல் அமெரிக்காவின் லின் நகரில் செய்த ஜிஇ எஃப்404 இன்ஜினுடையது. 2021-ல் 99 இன்ஜின்களுக்கு ஒப்பந்தம் போட்டோம், முதல் இன்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்தது. விமான உடல் தயாராகி இன்ஜினுக்காகக் காத்து நின்றது.

நம் சொந்த காவேரி இன்ஜின் 1980களில் தொடங்கியது. 81 கிலோநியூட்டன் உந்துவிசை எதிர்பார்த்தார்கள், எட்டவில்லை. 2008-ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். அங்கேயும் வில்லன் சூடுதான். நவீன இன்ஜினில் டர்பைனுக்குள் நுழையும் வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடு செய்த நிக்கல் உலோகக் கலவை 1,300, 1,400 டிகிரியிலேயே உருகிவிடும். உருகும் வெப்பத்தைவிடச் சூடான வாயுவில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல வேண்டும். அதற்காக முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள், உள்ளே நூல் போலக் காற்று வழிகள், மேற்பரப்பில் ஊசித் துளைகள், அவற்றின் வழியே குளிர்காற்று கசிந்து ஒரு போர்வையாக மூடுகிறது. வார்ப்படத் தொழில் பார்த்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன், உள்ளங்கை அளவு வார்ப்பில் இதைச் சாதிப்பது மனிதன் செய்கிற மிகக் கஷ்டமான வேலைகளில் ஒன்று. ஹைதராபாத் உலோகவியல் ஆய்வகம் 2021-ல் ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக 60 ஒற்றைப்படிக பிளேடுகளை அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்லுக்கு வார்த்துக் கொடுத்தது. செய்தித்தாளில் ஓரமாக வந்த அந்தச் செய்தி எனக்கு எந்த லேசர் வீடியோவையும்விடப் பெரியது.

ஆம்காவுக்காக பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே இன்ஜின் உருவாக்குவதாக 2025 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் அறிவித்தார். நான் முதல் ரூபாயைப் போடச் சொல்வது இங்கேதான். வடிவமைப்பு உரிமை நம்மிடம் இருக்க வேண்டும், பிளேடு வார்க்கும் இடம் இந்தியாவில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்தால் ஆம்காவும் இன்னொரு தேஜஸாக இன்ஜினுக்குக் காத்து நிற்கும்.

ஆளில்லாத் துணை

அடுத்த யோசனை, ஒரு போர் விமானத்தோடு இரண்டு, மூன்று ஆளில்லா ஜெட்கள் கூடவே பறந்து, ஆபத்தான வேலையை அவை பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் போயிங்கின் கோஸ்ட் பேட் 2021-லேயே பறந்துவிட்டது. அமெரிக்காவின் ஒய்எஃப்க்யூ-42ஏ 2025 ஆகஸ்டில் பறந்தது. இது கனவு நிலையைத் தாண்டிவிட்டது. நம்மிடம் எச்ஏஎல்லின் கேட்ஸ் வாரியர் என்ற ஆளில்லா ஜெட் 2025 ஜனவரியில் தரையில் இன்ஜின் ஓட்டிப் பார்த்தது. கதக் என்ற வால் இல்லாத ஸ்டெல்த் ட்ரோனுக்கான சின்ன மாதிரி 2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்காவில் தானே எழும்பி, பறந்து, தானே இறங்கியது.

இது எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், விமானி இல்லாததால் இழப்பைத் தாங்கலாம். இரண்டாவது, காவேரிக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாத காவேரி 50 கிலோநியூட்டனுக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது. வேகப் போர் விமானத்துக்கு அது பற்றாது, ஒலி வேகத்துக்குக் கீழே பறக்கும் கதக் ட்ரோனுக்குப் போதும். முப்பது வருட உழைப்பு வீணாகாமல் ஒரு விமானத்தைத் தூக்கும். அந்த இன்ஜின் ஆயிரக்கணக்கான மணி நேரம் நிஜமாக ஓடினால்தான் அடுத்த இன்ஜினுக்கான பாடம் கிடைக்கும்.

குறையும் உண்டு. எதிரி ரேடியோ இணைப்பை அடைத்தால் அது தானே முடிவெடுக்க வேண்டும். எதைச் சுடுவது என்பதை மெஷினிடம் விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை, அந்தப் பொத்தான் மனிதரிடமே இருக்க வேண்டும். மலிவு என்கிற பேச்சையும் கவனமாகக் கேட்க வேண்டும். ரேடார், ஸ்டெல்த், நீண்ட தூரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அதுவும் இன்னொரு போர் விமானத்தின் விலைக்கு வந்துவிடும். எளிமையாக வைத்திருக்கும் கட்டுப்பாடு தேவை.

ஆறாம் தலைமுறைக்கு நேரே தாவுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரிட்டன், ஜப்பான், இத்தாலி சேர்ந்து 2035-ஐக் குறிவைக்கின்றன. பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் கூட்டில் யார் எதைச் செய்வது என்றே சண்டை. ஐந்தாம் தலைமுறை இன்ஜினைக் கையில் வைத்திருக்காதவர் அங்கே போனால் பணம் கட்டுகிற கூட்டாளியாகத்தான் உட்கார முடியும்.

ஆக என் வரிசை: சஃப்ரான் இன்ஜினும் பிளேடு வார்ப்பும், ஆம்கா மாதிரிகள், காவேரியில் பறக்கும் கதக், பீரங்கிகளுக்குப் பக்கத்தில் 30 கிலோவாட் தரை லேசர், பிறகு கப்பல் லேசர். விமான லேசருக்கு ஆய்வகத்தில் நான்கு பேர் படித்துக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டு விஷயங்கள் நடந்தால் இந்த வரிசையை மாற்றிக்கொள்வேன். ஒன்று, லேசரின் திறன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் ஏறினால். அப்போது 300 கிலோவாட் லேசர் கொட்டும் சூடு 600-லிருந்து 300 கிலோவாட்டுக்குக் கீழே வந்துவிடும், விமானத்தில் யோசிக்கவாவது முடியும். இன்னொன்று, யாராவது ஒரு போர் விமானத்திலிருந்து, பறந்துகொண்டே, ஒரே நிமிடத்தில் நான்கு தடவை சுட்டுக் காட்டினால். அந்த வீடியோ வரும் நாளில் அதைக் கணபதிக்கு எடுத்துக்கொண்டு போய் அதே ஆபரேட்டரிடம் காட்டுவேன்.